ஒரே ரங்கூன், ஒரே மத்தியானம்: டவுன் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

அஞ்சாவது மாடி | செவ்வாய், இரவு 11:40

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்து மணிக்குப் போன கரண்ட் இனி இரண்டு மணிக்குத்தான் வரும். பால்கனியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். முதுகுப் பக்கம் இருக்கிற சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கிறது. வெயில் இறங்கி ஐந்து மணி நேரம் ஆகிறது. சுவருக்கு அது தெரியவில்லை.

இன்று மத்தியானம் காளியம்மன் கோயிலில் ஒரு வேலை. அது முடிந்து அனோரத்தா ரோட்டோடு நடந்து, பிறகு கீழே இறங்கி சூலே வரை வந்தேன். அதிக தூரம் இல்லை. ஆனால் வழியில் நின்று மூச்சு வாங்க ஒரு மர நிழல் கிடையாது. கடைக்குக் கடை நடைபாதையில் ஜெனரேட்டர், அதன் புகைக்குழாய் நேரே நம் கணுக்கால் மேல் ஊதுகிறது. சூலேயில் பஸ் ஏறி இன்யா ஏரிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இறங்கியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கூரை போட்டிருக்கின்றன. சட்டை உடம்பிலிருந்து பிரிந்தது. அதே ஊர், அதே சூரியன், நடுவில் ஒரு பஸ் பயணம். பெரியம்மா வீட்டிலும் கரண்ட் இல்லை. இருந்தும் திண்ணையில் சாய்ந்தவன் தூங்கிவிட்டேன்.

இது வெறும் மரம் இருக்கிறதா இல்லையா என்கிற விஷயம் மட்டும்தானா, இல்லை டவுன் கட்டியிருக்கிற விதத்திலேயே கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போட்டத்தௌங் பையன் | இரவு 11:52

அண்ணே, இனிமேல் தீமிதிக்குத் தனியாகக் குழி வெட்ட வேண்டாம். அனோரத்தா ரோட்டில் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஒரு நடை நடந்தால் நேர்த்திக்கடன் கழிந்தது.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6:15

எல்லாவற்றுக்கும் ஊரமைப்பைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024 ஏப்ரல் 28 அன்று சவுக்கில் 48.2 டிகிரி. பர்மாவில் அதுவரை ஏப்ரல் மாதத்தில் பதிவாகாத சூடு. சவுக் என்ன, எட்டு மாடிக் கட்டடமும் தார் ரோடும் நிறைந்த ஊரா? எண்ணெய்க் கிணறு இருக்கிற சின்ன ஊர். உலகமே சூடாகிறது, நாமும் சூடாகிறோம். இரண்டு மரம் நட்டால் அது மாறிவிடும் என்று நம்புவது மன ஆறுதலுக்கு.

அஞ்சாவது மாடி | காலை 6:40

சவுக் வறண்ட மண்டலம் ஐயா, ஐராவதி நடுப்பகுதி. அங்கே வெயில் அதிகம்தான். நான் கேட்பது வேறு. ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே ஊரில் இரண்டு இடத்துக்கு நடுவில் இத்தனை வித்தியாசம் ஏன்? உலகம் சூடாவது இரண்டுக்கும் பொதுதானே.

பிரேசர் தெரு தாத்தா | காலை 8:05

தம்பி அனோரத்தா ரோடு என்று எழுதியதும் எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. எங்களுக்கு அது பிரேசர் தெரு. மஹாபண்டூலா ரோடு டல்ஹௌசி தெரு. இன்றைய பொஜோ ரோடு மான்ட்காமரி தெரு. பெயரிலேயே கதை இருக்கிறது, கேள்.

1852-ல் வெள்ளைக்காரன் ரங்கூனைப் பிடித்தான். அதன் பிறகு ஊருக்குப் படம் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் மான்ட்காமரி, அதற்கு முன்னால் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். இன்னொருவர் வங்காளப் பொறியாளர் படையின் லெப்டினென்ட் பிரேசர். அப்போது இது சேறும் சதுப்புமான இடம், மண்ணைக் கொட்டித்தான் மேடாக்கினார்கள். சூலே பகோடாவை நடுவில் வைத்து, சதுரங்கப் பலகை மாதிரி கோடு கிழித்தார்கள். பெரிய ரோடுகள் நூறு அடி, நடுத்தரம் ஐம்பது அடி, உள்ளே இருக்கிற எண் தெருக்கள் முப்பது அடி. அந்த முப்பது அடித் தெருவெல்லாம் தெற்கே ஆற்றங்கரையில் ஆரம்பித்து வடக்கே ஓடுகின்றன. ஆற்றுக்காற்று தெருவுக்குள் நுழைந்து நேரே மேலே போகும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் இரண்டு மாடி, மிஞ்சினால் மூன்று மாடி. தேக்கு மரத் தளம், உயரமான கூரை, ஜன்னலில் பலகைச் சட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆற்றிலிருந்து காற்று வரும், வாசலில் நாற்காலி போடுவோம். இப்போது அதே முப்பது அடித் தெருவில் இரண்டு பக்கமும் ஏழு மாடி, எட்டு மாடி. தெருவின் படம் அப்படியே இருக்கிறது, சுவர் மட்டும் மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் இன்று வந்து பார்த்தால் தங்கள் ஊர் என்று சொல்ல மாட்டார்கள்.

செந்தோசா பொறியாளன் | காலை 9:30

தாத்தா சொன்னதில்தான் பாதி விடை இருக்கிறது. நான் இன்செயினில் பிறந்தவன், இப்போது சிங்கப்பூரில் கட்டட வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பகல். ரங்கூன் ஏறக்குறைய 16.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே முதல் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஏப்ரலிலும் ஏறக்குறைய அப்படித்தான். தெற்கு வடக்காக ஓடுகிற முப்பது அடித் தெருவில், இரண்டு பக்கமும் எண்பது அடி சுவர் இருந்தால், தரையில் வெயில் விழுவது பத்தரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில்தான். மற்ற நேரம் ஏதாவது ஒரு சுவர் நிழல் கொடுக்கும். ஆனால் அனோரத்தா ரோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது, அகலமும் அதிகம். காலையில் ஏறுகிற சூரியன் அதன் நீளத்தோடேயே போய் சாயங்காலம் இறங்கும். மரம் இல்லை என்றால் நாள் முழுக்க வெயில்தான். அண்ணன் அங்கே வெந்ததில் ஆச்சரியமில்லை. புதுத் தார் தன் மேல் விழுகிற வெயிலில் இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கி வைத்துக்கொள்ளும்.

இப்போது இரவு. பகலில் நல்லது செய்த அதே குறுகிய தெரு இரவில் எதிரியாகிவிடுகிறது. சூடான பொருள் எதுவும் குளிர வேண்டுமானால் தன் வெப்பத்தை வானத்தைப் பார்த்து விட வேண்டும். வயல் நடுவில் படுத்தால் முழு வானமும் தெரியும். உங்கள் பால்கனியில் படுத்தால் எவ்வளவு தெரிகிறது?

அஞ்சாவது மாடி | காலை 9:41

ஒரு கைலி அகலம். அதிலும் பாதி கரண்ட் கம்பி.

செந்தோசா பொறியாளன் | காலை 10:10

அதேதான். உங்கள் சுவர் விடுகிற வெப்பம் எதிர்ச் சுவருக்குப் போகிறது, எதிர்ச் சுவர் விடுவது உங்களுக்கு வருகிறது. இரண்டு பேரும் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள், வட்டி உங்கள் முதுகில். நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் வித்தியாசம் பகலைவிட இரவில்தான் அதிகம் என்று லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் 1818-லேயே அளந்து எழுதியிருக்கிறார். அவர் தொழில் மருந்து தயாரிப்பது, வானிலை பார்ப்பது பொழுதுபோக்கு. அப்போது தார் ரோடும் இல்லை, ஏசியும் இல்லை.

ஏசி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிறது. மூன்று பங்கு சூட்டை வெளியே எடுக்க ஒரு பங்கு கரண்ட் தின்றால், தெருவில் கொட்டுவது நாலு பங்கு. கரண்ட் இல்லாத நேரத்தில் அதை ஓட்ட ஜெனரேட்டர் போட்டால், அந்த டீசல் சூடும் சேர்ந்து தெருவுக்கே.

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதும் பொய்யில்லை. பின்னணிச் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் மேல் நாமே ஒரு அடுக்கு போட்டுக்கொள்கிறோம். கீழ் அடுக்கை இறக்குவது நம் கையில் இல்லை. மேல் அடுக்கு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | காலை 10:25

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

தக்கேத்தா செல்வி | மதியம் 12:20

டவுன் டவுன் என்றே பேசுகிறீர்கள். டவுனுக்கு வெளியே இருக்கிற எங்கள் தக்கேத்தாவில் மாடிக் கட்டடம் குறைவு, வானம் தாராளமாகத் தெரியும். அப்போது நாங்கள் ஜில்லென்று இருக்க வேண்டுமே, இல்லை அண்ணே. தலைக்கு ஒரு முழம் மேலே தகரம். பன்னிரண்டு மணிக்குத் தகரம் ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பிக்கும், இரும்பு நீள்கிற சத்தம். அதைக் கேட்டதும் என் மாமியார் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்றால், தெரு முனையில் இருந்த வாகை மரத்தடிக்கு. அங்கேதான் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற சைக்காக்காரர்கள், மோகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அக்கா, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், எல்லாரும். மத்தியானம் அந்த மரத்தடிதான் எங்கள் தெருவின் வரவேற்பறை.

இருந்த என்று எழுதினேன், கவனித்தீர்களா? இரண்டு வருஷம் முன்னால் சாக்கடை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரே காலையில் வெட்டிவிட்டார்கள். வேர் சாக்கடைச் சுவரை உடைக்கிறதாம். வெட்டிய இடத்தில் சிமென்ட் மூடி போட்டார்கள். சைக்காக்காரர்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். மோகிங்கா அக்கா பெரிய குடை வைத்திருக்கிறார், குடைக்குள் பார்த்தால் முகத்தில் பூசிய தனாக்கா வேர்வையில் கோடு கோடாக ஓடுகிறது. என் மாமியார் இப்போது ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுக்கிறார். கட்டிலுக்கு மேல் அல்ல, அடியில்.

பூங்கா வேண்டும் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். காண்டோஜி அழகான ஏரி, நல்ல காற்று, எனக்கும் பிடிக்கும். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு என் மாமியார் பஸ் ஏறி காண்டோஜிக்குப் போய்த் தூங்கிவிட்டு வர முடியாது. எங்களுக்கு இருபது அடி நிழல் போதும், வாசலில் இருந்தால்.

போட்டத்தௌங் பையன் | மதியம் 12:31

அக்கா, ‘கட்டிலுக்கு அடியில்’ என்று படித்ததும் சிரிப்பு வரவில்லை.

மாண்டலே மாமா | மதியம் 2:45

செல்வி சொன்னது சரி. எங்கள் ஊரிலிருந்து ஒன்று சொல்கிறேன். மாண்டலேயும் கட்டம் போட்ட ஊர்தான், ஆனால் அது வெள்ளைக்காரன் போட்டதல்ல, 1857-ல் மிண்டோன் மன்னர் போட்டது. நடுவில் அரண்மனை, நாலு பக்கமும் பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர் அகழி. சாயங்காலம் அகழி ஓரம் நடந்தால் தெரியும், தண்ணீர் மேல் தவழ்ந்து வருகிற காற்று வேறு ரகம். வறண்ட ஊர் என்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

2025 மார்ச் 28-ல் நிலநடுக்கம். அதன் பிறகு பல நாள் நாங்கள் யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. வீடு நின்றவர்களும் பயத்தில் வெளியேதான். ஏப்ரல் வெயிலில் வெட்டவெளியில் குடும்பம் குடும்பமாகப் படுத்தோம், அகழி ஓரத்திலும் நிறையப் பேர். பகலில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஊர் தானாக இடம் பிரிந்தது. மரம் இருந்த இடமெல்லாம் ஆட்கள், மரம் இல்லாத மைதானம் காலி. எங்கள் தெருப் புளிய மரத்தின் கீழ் பன்னிரண்டு குடும்பம். நிழல் நகர நகர பாய்களும் நகர்ந்தன, கடிகார முள் மாதிரி. காலையில் மேற்கே இருந்த என் தங்கை குடும்பம் சாயங்காலம் கிழக்கே என் பாய் பக்கம் வந்து சேரும். அதுவரை அந்த மரத்தை நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை.

செந்தோசா பொறியாளன் | மாலை 4:00

மாமா, படிக்கும்போது கண்முன் வந்தது.

நீங்கள் சொன்ன ஆவியாகும் விஷயத்தில் ரங்கூனுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் கரண்ட் அளவு வெப்பம் வேண்டும். பெரிய மரம் ஒன்று ஒரே நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட இலை வழியாக வெளியே விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பில் வராத ஏசி. ஆனால் ரங்கூன் காற்றில் ஏற்கெனவே ஈரம். வழியோரம் பர்மாக்காரர்கள் வைக்கிற தண்ணீர்ப் பானை, நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, அந்த யே ஓ சின்னைப் பாருங்கள். காய்ந்த மாசியில் பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி! மழைக்கால ஆடியில் அதே பானை, அதே மண், ஆனால் அவ்வளவு குளிராது. நம் வேர்வையும் அப்படித்தான்.

அதனால் ரங்கூனில் மரம் செய்கிற முதல் உபகாரம் நிழல். காற்று சூடாகவே இருந்தாலும், தலையில் வெயில் விழாமல், காலடியில் தார் சூடேறாமல் இருந்தாலே உடம்பு பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது வேண்டியது காற்றோட்டம். வேர்வையைக் காயவைக்க அதைவிட்டால் வழியில்லை. மாண்டலேக்குத் தண்ணீர், ரங்கூனுக்குக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரேசர் தெரு தாத்தா | மாலை 4:30

காற்றை அடைத்ததே அந்த ஸ்ட்ராண்ட் ரோட்டுத் துறைமுக வேலியும் கன்டெய்னரும்தான் என்பேன். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆற்றைப் பார்க்க முடியாத ஊர் இது.

செந்தோசா பொறியாளன் | மாலை 5:15

கண்ணுக்கு அடைத்திருக்கிறது தாத்தா, காற்றுக்கு அவ்வளவு இல்லை. கன்டெய்னர் இரண்டு அடுக்கு வைத்தாலும் பதினேழு, பதினெட்டு அடி. காற்று தாண்டி இறங்கிவிடும். கரையோரமே உயரமான கட்டடத்தைக் குறுக்கே நீட்டி வைத்தால்தான் ஆபத்து, அதன் பின்னால் இருக்கிற தெருக்களுக்கு மூச்சு நின்றுவிடும். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் என்று ஒரு ஊர், பள்ளத்தாக்கில் கிண்ணம் மாதிரி இருக்கிறது. மலையிலிருந்து ராத்திரி இறங்குகிற குளிர்காற்றுக்கு என்றே பாதை விட்டு, அதில் கட்டடம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தப் பாதையை 170 வருஷம் முன்னாலேயே இனாமாகக் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள், எண் தெருக்கள். அதன் வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

நர்கிஸ் கண்டவன் | மாலை 6:50

மரம் மரம் என்கிறீர்கள். 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தபோது ரங்கூனில் இருந்தவர்கள் எத்தனை பேர் இங்கே? நான் இருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் தெரு இல்லை, காடு இருந்தது. நூறு வருஷத்து மரங்கள் வேரோடு சாய்ந்து, வேரில் நடைபாதைச் சிமென்ட் பலகை பலகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி மேல் ஒரு தூங்குமூஞ்சி. பக்கத்து வீட்டுக் கூரை அதன் அடியில். நாங்கள் சாவு எண்ணாமல் பிழைத்தோம். டெல்டாவில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து காற்று வேகமாக அடித்தால் என் மனைவி மரத்தைத்தான் பார்க்கிறாள். நிழலுக்காகப் புது மரம் நட்டு, நாளைக்கு யார் தலையில் விழும்?

வியாசர்பாடி பர்மாக்காரி | மாலை 7:20

அண்ணா, மெட்ராஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா 64-ல் கப்பலேறி வந்தவர். இங்கே 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இதே காட்சி. ஆனால் நான் ஒன்று கவனித்தேன். எங்கள் தெருவில் விழுந்ததில் பெரும்பாலும் குல்மோஹர், பெருங்கொன்றை. வேம்பும் புங்கையும் கிளை ஒடிந்தாலும் நின்றன. இன்னொன்று, விழுந்த மரங்களைச் சுற்றி அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசியிருந்தார்கள். வேருக்கு மூச்சும் இல்லை, தண்ணீரும் இல்லை, பரவ இடமும் இல்லை. போதாததற்குக் கேபிள் போட ஒரு பக்க வேரை வெட்டியிருந்தார்கள். ஒரு காலை வெட்டிவிட்டு நில் என்றால் எப்படி நிற்கும்?

அப்பா ரங்கூனைப் பற்றிப் பேசினால் கடைசியில் மரத்தில்தான் வந்து நிற்பார். தண்ணீர்த் திருவிழா சமயம் முதல் மழைத் தூறல் விழுந்ததும் படாவ் பூ ஒரே நாளில் மஞ்சளாகக் கொட்டுமாம். இப்போதும் பூக்கிறதா?

போட்டத்தௌங் பையன் | மாலை 7:26

பூக்கிறது அக்கா. இந்த வருஷம் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால். பெண்கள் கொண்டையில் வைக்கக் கொத்து விலைதான் ஏறிவிட்டது.

செந்தோசா பொறியாளன் | இரவு 8:10

நர்கிஸ் அண்ணன் பயத்தைத் தள்ளிவிட முடியாது. மரம் நடுவது சுலபம், வளர்ப்பது வேலை. சிங்கப்பூரில் 1963 ஜூன் 16-ல் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் கன்று நட்டார், அதிலிருந்து ஆரம்பித்தது. ஆனால் நட்ட படத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ரோடு போடும்போதே மண் பட்டை விடுவது, வருஷாவருஷம் மரத்தைத் தட்டிப் பார்த்து உளுத்த கிளையைக் கழிப்பது, இதற்கெல்லாம் சம்பளம் வாங்குகிற ஆட்கள் உண்டு. அது இல்லாமல் பெரிய மரத்தைக் கூட்டமான தெருவில் வைப்பது அண்ணன் சொல்கிற மாதிரி சூதாட்டம்தான்.

தூங்குமூஞ்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்ளும், பெயரே அதுதானே. பகலில் குடை, இரவில் குடை மடங்கிவிடும். தரையின் சூடு மேலே போக வழி விடும். தென் அமெரிக்கப் பக்கத்து மரம், வெயில் ஊருக்காகவே செய்தது மாதிரி. ஆனால் அதற்கு இன்யா மாதிரி இடம் வேண்டும். முப்பது அடித் தெருவில் வைத்தால் இரண்டு பக்க பால்கனிக்குள்ளும் கிளை புகுந்துவிடும், கீழே கார் புகையையும் மூடி வைக்கும்.

அஞ்சாவது மாடி | இரவு 8:45

இதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் தெருவில் மரம் வைக்க இடம் எங்கே? 2011-க்கு அப்புறம் கார் இறக்குமதி சுலபமானதும், டவுனில் நடைபாதையை வெட்டிக் காருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற இரண்டடியில் ஜெனரேட்டர், டீக்கடை ஸ்டூல், படிக்கட்டு. மேலிருந்து தொங்குகிற கயிறுகளுக்கே இடமில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: லிப்ட் இல்லாத எட்டு மாடி என்பதால் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு, நுனியில் கிளிப். பேப்பர்காரர் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் சுருட்டி எடுத்துக்கொள்வோம்.

தக்கேத்தா செல்வி | இரவு 9:00

பின்சந்து என்ன ஆயிற்று?

அஞ்சாவது மாடி | இரவு 9:12

அடடா. ஆமாம்.

பின்சந்தை மறந்தே போனேன், ஏனென்றால் அந்தப் பக்க ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை. இரண்டு தெருவின் வீட்டு முதுகுகளுக்கு நடுவில் ஒரு சந்து, நீளமாக ஓடும். அந்தக் காலத்தில் துப்புரவுக்கு விட்டது. இப்போது மேலிருந்து விழுகிற குப்பை, சாக்கடை, எலி. நாற்றத்துக்குப் பயந்து சமையலறை ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறோம். அதாவது வீட்டுக்குள் முன்பக்கம் நுழைகிற காற்று பின்பக்கம் வெளியேற வேண்டிய வாசலை நாங்களே மூடியிருக்கிறோம். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

செந்தோசா பொறியாளன் | இரவு 9:30

செல்வி அக்காவுக்கு ஒரு சலாம். நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல், இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும். ஒன்றை மூடினால் மற்றதும் மூடியது மாதிரிதான். சில வருஷம் முன்னால் டோ எயின் என்ற அமைப்பு டவுனில் சில பின்சந்துகளைச் சுத்தம் செய்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாடுகிற இடமாக மாற்றினார்கள், நானே போய்ப் பார்த்திருக்கிறேன். கார் நுழையாத, வெயில் அதிகம் விழாத இடம். தரை சூடாவதில்லை. அங்கே பெரிய மரம் தேவையில்லை, தொட்டியில் செடியும் திறந்த ஜன்னலும் போதும்.

கணக்குப்பிள்ளை | இரவு 9:50

சுத்தம் செய்தது சரி. ஆறாவது மாடியிலிருந்து பை விழுவதை யார் நிறுத்துவது? எங்கள் சந்தில் வலை கட்டினோம். இப்போது குப்பை வலையில் தங்குகிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

பிரேசர் தெரு தாத்தா | இரவு 10:05

நான் விஞ்ஞானம் படிக்கவில்லை. ஆனால் ஷ்வேடகோனில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தவன். பகோடா மேல்தளத்தில் வெள்ளைச் சலவைக்கல் இருக்கிற இடத்தில் நிற்கலாம், பக்கத்திலேயே கருத்த ஓடு பதித்த இடத்தில் கால் வைத்தால் குதிப்போம். பிள்ளைகளை ‘வெள்ளைக் கல்லில் மட்டும் நட’ என்று சொல்லித்தான் கூட்டிப் போவது. நீங்கள் தாரைப் பற்றி எழுதியது அதுதானே?

செந்தோசா பொறியாளன் | இரவு 10:15

அதேதான் தாத்தா. இரண்டு கல் மேலும் ஒரே வெயில். வெள்ளை திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்குகிறது. மொட்டை மாடியிலும் இதே கதை, புது வெள்ளைப் பூச்சு விழுகிற வெயிலில் ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பும். அஞ்சாவது மாடி அண்ணே, உங்கள் கட்டட மொட்டை மாடி என்ன நிறம்?

அஞ்சாவது மாடி | இரவு 10:22

பாசி நிறம், அதற்கு மேல் கறுப்பு. ஏழாவது மாடிக்காரர் ஒருவர்தான் முழு வெயிலையும் தாங்குகிறார், பாவம். கேட்டுப் பார்க்கிறேன். சுண்ணாம்பு அடித்தால் போதுமா?

வியாசர்பாடி பர்மாக்காரி | இரவு 10:30

இங்கே சுண்ணாம்போடு பசை கலந்து அடிப்போம், ஒரு கோடை தாங்கும். ஆனால் உங்கள் ஊர் மழைக்கு?

மாண்டலே மாமா | இரவு 10:34

ரங்கூனில் வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் மழை. மே நடுவில் ஆரம்பித்தால் உன் சுண்ணாம்பெல்லாம் ஒரே வாரத்தில் சாக்கடையில். இப்போது அடித்தால் மூன்று வாரச் சுகம். மழை முடிந்து பாசியைச் சுரண்டி, கார்த்திகையில் வெளிச்சுவர் வெள்ளைப் பெயின்ட் அடி. அடுத்த மார்ச்சுக்குத் தயாராக இருக்கும்.

அஞ்சாவது மாடி | இரவு 10:50

மூன்று வாரம் கிடைத்தாலும் லாபம்தான் மாமா, ஏழாவது மாடி வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அவரிடம் இப்போதே படி ஏறிப் பேசிவிட்டு வந்தேன். சுண்ணாம்பு அவர் வாங்குகிறார், தூரிகை பிடிக்க நான். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால். பின்சந்து ஜன்னலையும் திறந்து பார்த்தேன். நாற்றம் வந்தது, உண்மை. கூடவே காற்றும் வந்தது. கொசுவலை கட்டித் திறந்து வைத்திருக்கிறேன்.

செல்வி, உங்கள் தெரு முனையில் அந்தச் சிமென்ட் மூடிக்குப் பக்கத்தில் மண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

தக்கேத்தா செல்வி | இரவு 11:05

ஒரு ஓரத்தில் மூன்றடி இருக்கிறது. மோகிங்கா அக்கா பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கேதான் போகிறது. அதனால் ஈரம் காயாது.

அஞ்சாவது மாடி | இரவு 11:09

பெரியம்மா வீட்டில் புங்கங்கன்று இரண்டு தொட்டியில் இருக்கிறது. சாக்கடைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

தக்கேத்தா செல்வி | இரவு 11:12

கொண்டு வாருங்கள். ஆடு கடிக்காமல் இருக்க மூங்கில் கூடு என் மாமியார் பின்னுவார், கை சும்மா இருக்காது அவருக்கு. வரும்போது சொல்லுங்கள், சைக்கா அனுப்புகிறேன்.

நர்கிஸ் கண்டவன் | இரவு 11:20

புங்கை என்றால் சரி. ஆனால் வேரைச் சுற்றிச் சிமென்ட் பூச விடாதீர்கள்.

அஞ்சாவது மாடி | இரவு 11:31

சரி அண்ணே. கரண்ட் வந்துவிட்டது, இன்று முன்னாலேயே. தண்ணீர் பம்ப் போட வரிசை நிற்கும், ஓடுகிறேன்.